டயலைத் தொட்டது பற்றி

மகனே,

உன் டயலை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாய். தொட்டாயிற்று. இதை முதல் வரியிலேயே தெரிவித்துவிடுவதுதான் முறை என்று கருதுகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கும் கடிதமாகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பலமுறை எழுதி, பலமுறை கிழித்தேன். எழுந்து பால்கனி வரை நடந்தேன். திரும்பி வந்து ‘மேற்படி டயல்’ என்று தொடங்கிய வாக்கியத்தை அடித்தேன். அதற்குள் நிலைமை மாறிவிட்டது. ஆகவே இப்போது நீ படிப்பது ஓர் அறிவிப்பு மட்டுமே. தை மாதத்தில் உன் மனைவியாகப் போகிறவளும் இதைப் படிக்கலாம். அவளுக்குத் தெரியக் கூடாதது இதில் எதுவும் இல்லை. தெரிந்திருந்தால் நல்லது என்று சொல்லத்தக்கது ஓரளவு இருக்கிறது. அவளுக்காகவே, நீ அறிந்த சில செய்திகளையும் விளக்கிச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

நீ ஜெர்மனிக்குப் புறப்படுவதற்கு முந்தைய வாரம், சாக்லேட் தாள் அளவுள்ள ஒரு வெல்வெட் பையை என் கையில் கொடுத்தாய். உள்ளே ஒரு பித்தளை வட்டத் தகடு. நீ போட்ட டிராயிங்கைப் பார்த்து, உன் கைக்கடிகாரத்துக்காக உன் அம்மா தீட்டிய முகப்பு. மழைக்கு முன் பெசன்ட் நகர் கடல் எடுக்கும் அந்த ஈய நிறம், மணிகளுக்குப் பன்னிரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள், இடமும் வலமுமாக இரண்டு சிறிய வட்டங்கள். இடது வட்டத்தில் விநாடி முள் ஓட வேண்டும். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் பெரிய முள் புறப்பட்டு ஓட, வலது வட்டம் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எண்ண வேண்டும். ‘க்ரோனோகிராஃப்’ என்று நீ சொன்னதை நான் அன்றுதான் சரியாக உச்சரிக்கக் கற்றேன். இதற்குப் பின்னால் வைக்க ஒரு மெஷின்தான் இல்லை, நீங்கள் தேடி வையுங்கள், கல்யாணத்தன்று கட்டிக்கொள்கிறேன், டயலில் மட்டும் யாரையும் கை வைக்க விடாதீர்கள் என்றாய். நான் ஒப்புக்கொண்டேன். நான் ஒன்றை ஒப்புக்கொண்டால் எனக்கு என்ன ஆகும் என்பதை நீ அறிவாய்.

உன் வருங்கால மனைவி அறிய மாட்டாள் என்பதால் சொல்கிறேன். நான் சொத்துப் பத்திரங்கள் எழுதும் வழக்கறிஞன். ஒரு மனையின் நான்கெல்லையும் சரியாக இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. உட்கார்ந்தால் என் வலது கால் தானாக ஆடத் தொடங்கும்; நீதிமன்றத்தில் ஒரே பெஞ்சில் என்னுடன் உட்கார்ந்தவர்கள் அதற்காகவே எழுந்து வேறு இடம் போயிருக்கிறார்கள். ஆதம்பாக்கத்தில் நாங்கள் வாங்க நினைத்த வீட்டின் மூலப் பத்திரங்களை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எனக்கு உறுதிப்பட்ட நாளில் அந்த வீட்டில் வேறொருவர் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். “அவங்க வீட்டுக்குப் பத்திரம் எல்லாம் சுத்தமா இருக்குன்னு போய்ச் சொல்லிட்டு வாங்க, சந்தோஷப்படுவாங்க” என்றாள் உன் அம்மா. இன்றும் மந்தைவெளியில் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். இந்தக் குணத்தோடுதான் உன் டயலைக் கையில் எடுத்தேன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இனி நீயும் அறியாத ஒன்று. நீ போன சில நாட்களில் உன் அம்மாவின் வலது கை நடுங்கத் தொடங்கியது. தொடங்கியது என்று சொல்வதுகூடச் சரியில்லை. முன்பே லேசாக இருந்ததை அவள் மறைத்திருக்கிறாள் என்று இப்போது நினைக்கிறேன். நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அவள் கையில் டம்ளர் இல்லாததைக் கவனித்தாயா? உன் பெயர் திரையில் வந்ததும் முதல் வேலையாக அதைக் கீழே வைத்துவிடுவாள். அடையாறில் ஒரு நரம்பு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி ஒரு சுருள் வரையச் சொன்னார். வாழ்நாள் முழுவதும் பள்ளியில் ஓவியம் கற்பித்தவள் அவள். வரைந்து முடித்து அந்தத் தாளை எதிராளியின் ஆவணத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “டாக்டர், ஒண்ணாங்கிளாஸ் பசங்க இதைவிட நல்லாப் போடுவாங்க. இன்னொரு பேப்பர் குடுங்க” என்றாள். அவர் சிரித்துவிட்டு, முதல் தாளே போதும் என்றார். உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை. மாத்திரை சாப்பிட்ட சில மணி நேரம் கை அடங்கியிருக்கும். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லக் கூடலாம். அவர் சொன்னது இவ்வளவே. இதை உனக்கு எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டேன். “எழுதிக்கோங்க. ஓவரா எழுதாதீங்க” என்பது அவள் விதித்த நிபந்தனை. அதற்கு உட்பட்டே எழுதுகிறேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து உன் டயலை எடுத்துப் பார்த்தேன். நீ கொடுத்தபோது அது ஒரு தகடு. இப்போது, இன்னொன்று வராத ஒன்று. அந்த நிமிடத்திலிருந்து என்னால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. கையை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. மெஷினைத் தேட முடியும். ஆகவே தேடினேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, நடந்தது இது.

முதலில் தியாகராய நகர். பேருந்து நிலையத்துக்கு அருகே, துணிக்கடை ஒன்றின் படிக்கட்டுக்கு அடியில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடை இருக்கிறது. அதன் உரிமையாளர் டயலை வாங்கி, கண்ணில் லென்ஸை மாட்டி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில்தான் அதிக நேரம் பார்த்தார்.

“இன்னா சார் இது? டயலை வச்சிக்கினு மெஷின் தேடிக்கினு கீறீங்க? தாலியை வாங்கி வச்சிக்கினு பொண்ணு தேடுற மாதிரி கீது!”

வாட்ச் ஸ்ட்ராப் மாற்ற வந்து நின்றிருந்த ஒருவர், “அதுவும் நடக்குது நைனா, எங்க வீட்லயே” என்றார். கடை முழுவதும் சிரித்தது. கடை என்றால் எங்கள் மூவரைத்தான் சொல்கிறேன். கடைக்காரர் பெட்டி பெட்டியாக மெஷின்களை எடுத்து வைத்தார். மூன்று சிறிய முள் உள்ளது, ஒன்று உள்ளது, தேதி காட்டுவது, நிலா காட்டுவது. “சின்ன வட்டம் ரெண்டும் சும்மா டிசைனுக்கு இருக்கட்டும் சார், மேல சாதா மெஷின் போட்டுக் குடுத்துடுறேன், யாருக்கு இன்னா தெரியப் போவுது?” என்றும் யோசனை கூறினார். எனக்குத் தெரியும் என்றேன். அது ஒரு பதிலாக அவருக்குத் தோன்றவில்லை. ஆனாலும் என் எண்ணை வாங்கிக்கொண்டு, ‘டயல் சார்’ என்று கைபேசியில் பதிந்துகொண்டார்.

பிறகு மயிலாப்பூரில் இரண்டு கடைகள். லஸ்ஸில் மெட்ரோவுக்காகச் சாலையை மாற்றிமாற்றி விட்டிருப்பதால், ஒரு கடையை அடைவதற்குள் அதை மூன்று பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டேன். அடையாறில் ஒன்று. எல்லா இடத்திலும் ஒரே முடிவு: மெஷினை டயலின் பின்னால் வைத்தால் நடு முள்ளின் அச்சு நடுத் துளையில் சரியாக வரும், சிறிய முட்களின் அச்சுகள் வட்டங்களின் மையத்துக்கு வராமல் உள்பக்கமாக நின்றுவிடும். நான் ஒரு வெர்னியர் காலிபர் வாங்கி நானே அளந்தேன். பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம். காலையில் அளந்தேன், மாலையில் அளந்தேன். வெயிலில் பித்தளை விரியுமோ என்று மொட்டைமாடியில்கூட அளந்தேன். ஒன்றரை மில்லிமீட்டர் அப்படியே இருந்தது.

உன்னைத் தொலைபேசியில் கேட்டேன், நினைவிருக்கிறதா? வட்டங்களின் இடத்தை எப்படி முடிவு செய்தாய் என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். “என் டிராயிங் கரெக்டாத்தான் இருக்குப்பா. ரெண்டு வட்டம் வர்ற மெஷினை அளந்து பார்த்துதான் போட்டேன்” என்றாய். நீ அளந்தேன் என்றால் அளந்திருப்பாய். பத்து வயதில் நீ ஹால் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டபோது, இனி இவ்வீட்டின் எந்தக் கடிகாரத்தையும் முன் அனுமதியின்றிப் பிரிக்க மாட்டேன் என்று உன்னிடம் ஓர் உறுதிமொழி எழுதி வாங்கினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன், “பின் அனுமதி போதுமாப்பா?” என்று கேட்டவன் நீ. உன் கையெழுத்துக்குக் கீழே உன் அம்மா, வில் தெறித்து நிற்கும் ஒரு கடிகாரத்தைப் படமாகப் போட்டாள். ஆக, உன் அளவை நான் சந்தேகிக்கவில்லை. நீ அளந்த மெஷின் உலகில் எங்கோ இருக்கிறது. எனக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன். வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லை. முடிவு மட்டும் தவறு.

பெருங்குடியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே மெஷின்களை வரவழைத்து விற்கும் ஓர் இளைஞரைப் பற்றி அடையாறு கடையில் சொன்னார்கள். அவர் அலுவலக வாசலில் டீக்கடையில் சந்தித்தோம். இரண்டு சிறிய முள் உள்ள, சாவி கொடுத்து ஓடும் ஒரு மெஷினைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டினார். அழகான பொருள்தான். உன் டயலுக்குப் பின்னால் வைத்தோம். அதே ஒன்றரை மில்லிமீட்டர்.

“அங்கிள், ரெண்டு முள்ளுக்கும் நடுவுல இருக்கற தூரம் மெஷினோட பிறவியிலேயே வர்றது. நாம மாத்த முடியாது. இந்த டயல் தூரத்துக்கு ஒரு மெஷினும் நான் பார்த்ததில்ல.”

“நீங்க பார்த்ததில்லைங்கிறதும், இல்லைங்கிறதும் வேற வேற” என்றேன்.

அவர் டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, “அங்கிள் வக்கீலா?” என்று கேட்டார். பிறகு, டயலின் பழைய வட்டங்களை அழித்துவிட்டு இயந்திரத்தில் புதிதாக அச்சடித்துவிடலாம், கோடு கம்பி மாதிரி வரும் என்றார். நான் டயலை உடனே பையில் போட்டுக்கொண்டேன். திரும்பி வரும்போது பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். அச்சடிக்கலாம், அடித்தால் மெஷின் பொருந்தும், நீ கடிகாரத்தோடு மணமேடையில் உட்காரலாம். ஆனால் அது அவள் வரைந்ததாக இருக்காது. அவளாலோ இன்னொன்று வரைய முடியாது. மணமேடையில் கடிகாரம், அவள் வரைந்த டயல், இந்த இரண்டில் எதை இழக்கச் சம்மதம் என்று உன்னைக் கேட்கத்தான் அந்தக் கிழித்த கடிதங்களை எழுதினேன்.

இந்தத் தேடல் முழுவதையும் உன் அம்மாவிடம் மறைத்தேன். டயலைப் பற்றிப் பேசினால் வரைவதைப் பற்றிப் பேச வேண்டி வரும். வரைவதைப் பற்றிப் பேசினால் கையைப் பற்றி. அவளைக் காப்பதாக எண்ணிக்கொண்டேன். வெளியே போகும்போதெல்லாம் ஒரு கட்சிக்காரரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். சென்ற மாதம் ஒருநாள், கைபேசியை வீட்டில் மறந்துவிட்டுக் காய்கறி வாங்கப் போயிருந்தேன். திரும்பியபோது அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க, டயல் சார்னு ஒருத்தரைக் கேட்டு போன் வந்துச்சு. யாரு அது, நீங்களா?”

“ஒரு கட்சிக்காரர்…”

“ஓஹோ. ‘புதுசா ஒரு மெஷின் வந்து கீது, டயலை எடுத்துக்கினு வரச் சொல்லும்மா’ன்னாரு. இந்தக் கேஸு எந்தக் கோர்ட்ல நடக்குது?”

இனி மறைப்பதில் பொருள் இல்லை. டயலையும் காலிபரையும் கொண்டுவந்து வைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றரை மில்லிமீட்டரை இரண்டு முறை அளந்து காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“அவன் போட்ட இடம் இது இல்லையே. நான்தானே தள்ளி வச்சேன்.”

“எதை?”

“வட்டத்தைத்தான். அவன் டிராயிங்ல ரெண்டும் நடுவுல ஒட்டிக்கிட்டு நின்னுச்சு, ரெண்டு பேர் சீட்ல மூணு பேர் உட்கார்ந்த மாதிரி. பார்க்கவே மூச்சு முட்டுச்சு. கொஞ்சம் காத்து வரட்டும்னு தள்ளி வச்சேன். அழகா இல்ல?”

“அழகாத்தான் இருக்கு.”

“அப்புறம் என்ன?”

மகனே, தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் பெருங்குடியிலும் நான் தேடிய அளவு எந்தத் தொழிற்சாலையிலும் பிறக்கவில்லை. உன் அம்மாவின் கண்ணில் பிறந்தது. அதற்குப் பொருந்தும் மெஷின் இருக்கவே முடியாது. வீட்டிலேயே இருந்த, எல்லாம் அறிந்த ஒரே சாட்சியை நான் விசாரிக்கவில்லை. என் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள், பிறகு என்னை.

“என்கிட்ட ஏன் கேக்கல? இதுக்காகவா?” கையைத் தூக்கிக் காட்டினாள். அது நடுங்கியது. “கை நடுங்குதுன்னா வாயும் போயிடுச்சுன்னு நினைச்சீங்களா?”

உனக்குப் பாதி எழுதி வைத்திருந்த கடிதத்தைக் காட்டி, டயல் உனக்கு உரியது, அதில் மாற்றம் செய்ய உன் சம்மதம் தேவை என்று மட்டும் சொன்னேன். அவள் அதைப் படித்தாள். “மேற்படி டயல்” என்று உரக்க வாசித்துச் சிரித்தாள்.

“வரைஞ்சது நான். தள்ளி வச்சது நான். நான் திருத்தறதுக்கு அவன்கிட்ட எதுக்குப் பெர்மிஷன்?”

“பாழாயிட்டா?”

“ஆகட்டும். இப்ப மட்டும் என்ன வாழுது? பீரோவுல கிடக்குது.”

அன்று டயலை என்னிடம் அவள் திருப்பித் தரவில்லை. அந்த ஈய நிறச் சாயத்தில் மிச்சத்தை ஒரு மாத்திரைப் புட்டியில் மூடி வைத்திருந்தாள். அதைக்கொண்டு பழைய வட்டங்களை மூடினாள். நிறம் சேர்ந்துவிட்டது, சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் மட்டும் பழைய எல்லை மெலிதாகத் தெரியும். எனக்கு அது பிடித்திருக்கிறது. புதிய இடத்தில், அதாவது உன் டிராயிங்கில் இருந்த இடத்தில், வட்டம் போட அவளுக்கு ஒரு வழி உண்டு. தகட்டை ஒரு ஸ்வீட் பெட்டி மூடியில் ஒட்டி, வட்டத்தின் மையத்துக்கு நேராக அடியில் குண்டூசியைக் குத்தி, இடது கையால் மூடியை மெதுவாகச் சுழற்றுவாள். வலது கையில் தூரிகை அசையாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான்: நிற்க வேண்டும்.

காலை மாத்திரை போட்டுச் சிறிது நேரம் கழித்து உட்கார்ந்தாள். வலது வட்டத்தைத் தனியாகவே போட்டாள். நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். மூடி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. கோடு தன்னோடு தானே சேர்ந்தது. அவள் மூச்சை விட்டாள். பிறகு தூரிகையை இடது வட்டத்துக்குக் கொண்டுபோனாள். நுனி தகட்டைத் தொடும் முன்பே நடுங்கியது. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“இங்க வாங்க. மணிக்கட்டைப் பிடிங்க.”

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிடித்தேன்.

“கெட்டியா. ஆனா நெரிக்காதீங்க.”

சரி என்றேன். தூரிகை இறங்கியது. மூடி சுழலத் தொடங்கியது.

“அசையாதீங்க.”

“நான் அசையலையே.”

“கால் ஆடுது. மேசை ஆடுது.”

நிறுத்தினேன். நின்றது என்றுதான் நினைக்கிறேன். நாற்பது ஆண்டு பெஞ்சிலும் பேருந்திலும் ஆடிய காலை அந்த ஒரு சுற்றுக்காக நான் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தேன். அவள் நாடித்துடிப்பு என் விரலுக்கடியில் ஓடியது. மூடி ஒரு முழுச் சுற்று வந்து நின்றது. தூரிகையை எடுத்தபின்னும் கொஞ்ச நேரம் நான் கையை விடவில்லை. “ஆச்சு, விடுங்க. டீ போடணும்” என்றாள்.

மணமகனுக்குத் தந்தை சொல்ல வேண்டியது என்று ஊரில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதைப் பிறர் உனக்குச் சொல்வார்கள். நான் சொல்லத் தகுதி பெற்றது ஒன்று மட்டும்: பக்கத்தில் இருப்பவளைக் கேள். காயப்படுத்திவிடுவோமோ என்று தோன்றும் இடத்தில் கட்டாயம் கேள். அவளைக் காப்பதாக நினைத்து நீ ஊரெல்லாம் அலையும்போது அவள் வீட்டில் விடையோடு உட்கார்ந்திருக்கக் கூடும். இதற்கு விதிவிலக்குகள் இருக்கலாம். என் அனுபவத்தில் இதுவரை தென்படவில்லை.

மற்றவை: பெருங்குடி இளைஞரிடமிருந்தே மெஷினை வாங்கினோம். வட்டங்களின் மையத்தில் அவரே துளையிட்டார். அச்சுகள் சரியாக வந்தன. தியாகராய நகர்க் கடைக்காரர் முட்களைப் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரு கூட்டில் அடைத்து, “டயல் சார், தாலிக்குப் பொண்ணு கெடச்சுட்டுது!” என்று கடைக்கு வெளியே கேட்கும்படி அறிவித்தார். கடிகாரம் இப்போது இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பொத்தான் வேலை செய்கிறது. அம்மா அதில் இட்லி வேகும் நேரம் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள்.

நீ வந்து பார்க்கும்போது இடது வட்டத்தின் கீழ்ப்பக்கத்தில், விரல் நகத்தின் ஓரம் போல ஒரு சிறிய நெளிவைக் காண்பாய். விநாடி முள் ஒவ்வொரு நிமிடமும் அதைக் கடந்து போகிறது. அதைத் திருத்த யாரிடமும் கொடுக்காதே. அது தன் கை என்கிறாள் அவள். என் கால் என்கிறேன் நான். இந்த விஷயத்தில் எங்களுக்குள் வழக்கு நிலுவையில் இருக்கிறது. நாங்கள் அதைச் சீக்கிரம் முடித்துக்கொள்வதாகவும் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா